மாரிப் புயலும் வழிச்செல்வோரும்

வான்குறி கண்டு வழிச்செல்லும் வழக்கம் மனிதகுலத்தோடு ஒப்பப் பழைமை வாய்ந்தது. காற்றின் திசை, முகிலின் நிறம், பறவைகளின் போக்கு ஆகியவற்றைக் கொண்டு மறுநாளின் இயல்பை உய்த்துணர முயலாத மக்கட் கூட்டம் உலகில் யாண்டும் இல்லை. ஆயினும், நூறு காவதத்துக்கு அப்பால் எழுந்த புயல் நாளை எவ்விடத்தை அடையும் என்பதைக் கணித்து, அவ்விடத்தார்க்கு இன்றே உரைக்கும் ஆற்றல் மனிதனுக்குக் கிடைத்து இன்னும் இருநூறு ஆண்டுகள் நிறையவில்லை. அவ்வாற்றல் எவ்வாறு பிறந்தது? அது பிறந்த பின்னரும் வழிச்செல்வோர் புயலிற் சிக்கி மடிந்தது ஏன்? இவ்விரு வினாக்களும் ஒருங்கே வைத்து ஆராயத்தக்கன. முன்னையதற்குரிய விடை அறிவியலின் வரலாற்றில் உளது. பின்னையதற்குரிய விடையோ, அறிந்ததை உரிய காலத்தில் உரியவர்க்கு எட்டச் செய்யும் பணியின் வரலாற்றில் உளது. அறிதலும் அறிவித்தலும் வெவ்வேறு தொழில்கள் என்பதையும், பின்னது என்றும் முன்னதற்குப் பிந்தியே வந்தது என்பதையும் மேனாட்டு மாரிப் புயல்களின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

பனி என்னும் சொல் நம் நாட்டவர்க்கு விடியற்காலையிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியையே நினைவூட்டும். வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் மாரிகாலத்தில் முகிலிலிருந்து உதிர்வது புவியியல் நூல்கள் மழைப்பனி எனக் கூறும் வேறொரு பொருள். காற்றின்றி விழும்போது அது பஞ்சினும் மெல்லியது. கடுங்காற்றோடு கூடும்போது அதுவே பனிப்புயலாகின்றது. அப்பொழுது கண்ணுக்கெட்டுந் தூரம் சில அடிகளாகச் சுருங்குகின்றது. வானும் நிலமும் ஒரே வெண்மையாகி, வழியும் திசையும் மறைகின்றன. உடலின் வெப்பம் குறையக் குறைய அறிவும் மயங்குகின்றது. நடந்தவன் தன் வீட்டுவாயிலுக்கு அண்மையிலேயே வழி தெரியாது விழுந்து உறைகின்றான். அடுப்பும் விறகும் உள்ள வீட்டினுள் இருப்பவனுக்கு இப்புயலால் இடர் சிறிதே. வழியில் அகப்பட்டவனுக்கு அது கூற்றுவன். ஆதலின் மாரிப் புயலைப் பற்றிய எச்சரிக்கை முதலிற் சேரவேண்டிய இடம் பயணியின் செவியாகும்.

கருங்கடல் தந்த பாடம்

புயல் தோன்றிய இடத்திலேயே நின்று மடிவதன்று. அது நாடு விட்டு நாடு ஊர்ந்து செல்வது. அறிஞர் சிலர் முன்னரே கண்ட இவ்வுண்மையை அரசுகள் உணருமாறு செய்தது ஒரு போர்க்கால இழப்பு. கிரைமியப் போர் நிகழ்ந்துகொண்டிருந்த 1854ஆம் ஆண்டு நவம்பர் 14ஆந் திகதி கருங்கடலில் வீசிய கடும்புயல், பலக்கிளாவாவிலும் அதனையடுத்த கரையோரங்களிலும் நங்கூரமிட்டிருந்த பிரித்தானிய, பிரெஞ்சுக் கப்பல்கள் பலவற்றை அழித்தது. 'நான்காம் ஹென்றி' என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பல் சிதைந்தது. 'பிரின்ஸ்' என்னும் பிரித்தானியக் கப்பல், படைவீரர்க்கெனக் கொணர்ந்த மாரிகால உடைகளோடு மூழ்கியது. முற்றுகையில் நின்ற வீரர் அவ்வாண்டு மாரியிற் பட்ட பெருந்துயருக்கு இவ்விழப்பும் ஒரு காரணமாயிற்று.

இப்புயலைப் பற்றி ஆராயுமாறு பிரெஞ்சுப் போரமைச்சர், பாரிசு வானாய்வு நிலையத்தின் தலைவராகிய லெவெரியே என்பாரைக் கேட்டுக்கொண்டார். கண்ணாற் காணாத நெப்தியூன் கோளின் இடத்தை 1846இல் கணக்கினாலேயே சுட்டிப் புகழ்பெற்றவர் அவர். பல நாடுகளிலும் உள்ள அவதானிகளுக்கு எழுதி, நவம்பர் 12 முதல் 16 வரையுள்ள நாட்களின் வானிலைக் குறிப்புக்களைத் திரட்டினார். அவற்றை ஒப்புநோக்கியபோது அப்புயல் ஐரோப்பாவைக் கடந்தே கருங்கடலை அடைந்தது என்பது புலனாயிற்று. வழியிலுள்ள நகரங்களிலிருந்து ஒரு தந்தி அனுப்பப்பட்டிருப்பின், கப்பற்றலைவர்கள் முன்கூட்டியே காவல் தேடியிருக்கலாம். புயல் குதிரையினும் விரைந்தது. ஆனால் மின்தந்தி புயலினும் விரைந்தது. இவ்வெளிய உண்மையே புயல் எச்சரிக்கைப் பணியின் அடித்தளம். 1855ஆம் ஆண்டு பெப்ருவரியில் லெவெரியே முன்வைத்த தந்தி வானிலைத் திட்டத்துக்கு மூன்றாம் நெப்போலியன் இசைவளித்தான்.

பிற்ஸ்றோயின் பணியும் முடிவும்

பிரித்தானியாவில் இப்பணிக்கு வித்திட்டவர் கடற்படைத் தலைவர் றொபேட் பிற்ஸ்றோய். சாள்ஸ் டார்வினை உடன்கொண்டு உலகைச் சுற்றிய 'பீகிள்' கப்பலின் தலைவர் என்றே அவரை உலகு பெரிதும் அறியும். 1854இல் வர்த்தகச் சபையின் கீழ்த் தொடங்கப்பெற்ற வானிலைப் பகுதிக்கு அவர் பொறுப்பாளரானார். கப்பல்களின் நாட்குறிப்புக்களைத் தொகுத்துக் காற்றுக்களின் வரலாற்றை எழுதுவதே அவருக்கு இடப்பட்ட பணி. வருவதை உரைக்குமாறு அவரை எவரும் பணிக்கவில்லை.

1859ஆம் ஆண்டு ஒக்ரோபர் 25, 26ஆந் திகதிகளில் நிகழ்ந்த பேரிடர் அவருடைய பணியின் போக்கை மாற்றியது. மாரி தொடங்கு முன்னரே வீசிய அப்புயலில், அவுஸ்திரேலியப் பொன்வயல்களிலிருந்து மீண்டவர்களைச் சுமந்து மெல்போணிலிருந்து லிவர்பூல் நோக்கி வந்த 'றோயல் சாட்டர்' என்னும் கப்பல், வேல்சு நாட்டின் அங்கிள்சித் தீவுக் கரையிற் பாறைகளில் மோதி உடைந்தது. ஏறத்தாழ 450 பேர் இறந்தனர். பல்லாயிரம் மைல் கடல் கடந்து வந்தவர்கள், சேரவேண்டிய துறைக்கு ஒருநாட் பயணமும் இல்லாத தூரத்தில், கரையைக் கண்டவாறே மாண்டனர். அப்புயலில் அழிந்த கலங்கள் நூற்றுக்கு மேற்பட்டன. மடிந்தோர் தொகை ஏறத்தாழ 800 என்பர். பிற்ஸ்றோய் அப்புயலின் போக்கை ஆராய்ந்து, தந்தி வசதியைக் கொண்டு துறைமுகங்களை எச்சரித்தல் இயலும் என நிறுவினார்.

1861ஆம் ஆண்டு பெப்ருவரியில் அவருடைய முதற் புயலெச்சரிக்கை தந்தி வழியாக வெளிவந்தது. எச்சரிக்கை பெற்ற துறைமுகங்களிற் கம்பங்களிற் கூம்புகளும் உருளைகளும் ஏற்றப்பட்டன. கூம்பின் முனை மேல்நோக்கின் வடதிசைப் புயல். கீழ்நோக்கின் தென்றிசைப் புயல். உருளை சேர்ந்து தோன்றின் பல திசைகளிலிருந்தும் மாறிமாறி வீசுங் கடும்புயல். இரவில் இவற்றுக்கு ஈடாக விளக்குகள் தொங்கவிடப்பட்டன. எழுத்தறியாத மீனவனும் தன் படகில் நின்றவாறே கண்டு பொருள் உணரத்தக்க மொழி இது. வறிய மீனவக் கிராமங்களுக்குப் பாரமானிகள் வழங்கவும் அவர் ஏற்பாடு செய்தார். அறிவு அலுவலகத்தில் அடைபட்டிருத்தலாகாது, அது கடற்கரைக்கு இறங்கி வரவேண்டும் என்பதை அவர் தெளிந்திருந்தமை இவற்றால் விளங்கும். அதே ஆண்டு ஓகத்து மாதம் முதல் இலண்டன் 'ரைம்ஸ்' பத்திரிகையில் அவருடைய அன்றாட வானிலை முன்னறிவிப்புக்கள் வெளிவந்தன. இவற்றைச் சோதிடமென எவரும் கருதலாகாது என்பதில் அவர் பெரிதுங் கருத்தாயிருந்தார். அவதானமும் கணிப்பும் கொண்டு எய்திய கருத்தைக் குறிக்கும் புதுச்சொல்லை அவரே தேர்ந்து வழங்கினார்.

ஆயினும் முன்னறிவிப்புக்கள் பலமுறை பிழைத்தன. அந்நாளில் அவருக்குக் கிடைத்த குறிப்புக்கள் சிலவே. மேற்கேயுள்ள பெருங்கடலிலிருந்து செய்தி யாதும் வாராது. புயல்களோ பெரும்பாலும் அத்திசையிலிருந்தே வந்தன. பத்திரிகைகள் எள்ளி நகையாடின. நுண்கணிதச் சான்றில்லாத முன்னறிவிப்பு அறிவியலாகாது என அறிஞர் சிலர் கண்டித்தனர். கூம்பு ஏற்றப்பட்ட நாளிற் படகுகள் கடலேறாமையாற் பொருளிழந்த மீன்பிடிக் கலங்களின் உரிமையாளர் சிலரும் முறையிட்டனர் என்பர். உடல் நலிந்து, கைப்பொருளும் கரைந்து, உளஞ் சோர்ந்த பிற்ஸ்றோய் 1865ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆந் திகதி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டில் அவர் பணியை ஆராய்ந்த குழு, முன்னறிவிப்புக்களுக்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை என முடிவு கூறியது. 1866ஆம் ஆண்டு இறுதியிற் புயலெச்சரிக்கைகளும் நிறுத்தப்பட்டன. இவ்விடத்து வரலாறு ஓர் அரிய தீர்ப்பை வழங்கியது. அறிஞர் வேண்டாவென விலக்கிய எச்சரிக்கையைக் கடலோடிகள் வேண்டுமெனக் கேட்டனர். பத்தில் ஒருசில பிழைப்பினும் எஞ்சியவை உயிர்காப்பன என்பதை அவர்கள் தம் வாழ்விற் கண்டிருந்தனர். அவர்களுடைய கோரிக்கைக்கு இணங்க 1867இல் எச்சரிக்கைகள் மீண்டும் தொடங்கின. பொதுமக்களுக்கான முன்னறிவிப்பு 1879இலேயே மீண்டது.

வட அமெரிக்காவில்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் பேரேரிகள் கடலையொத்த பரப்புடையன. நவம்பர் மாதத்திற் கனடாவின் குளிர்காற்றும் தென்றிசை வெப்பக்காற்றும் அவற்றின் மேற் சந்திக்கும்போது எழும் புயல்கள் கப்பல்களை விழுங்கின. மில்வோக்கி நகரத்து அறிஞர் இன்கிறீஸ் லப்பாம் இவ்விழப்புக்களின் விவரங்களைத் திரட்டிச் சட்டமன்றத்தினர்க்கு அனுப்பினார். சின்சினாட்டி நகரில் கிளீவ்லன்ட் அபே என்பார் 1869இல் தந்திக் குறிப்புக்களைக் கொண்டு வானிலை அறிக்கைகள் வெளியிட்டு, இப்பணி கைகூடும் என்பதைச் செய்துகாட்டினார். 1870ஆம் ஆண்டு பெப்ருவரி 9ஆந் திகதி தலைவர் கிறான்ற் கைச்சாத்திட்ட தீர்மானத்தின்படி இப்பணி படையின் சைகைப் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது. நாடெங்கும் ஒரே வேளையில் அவதானித்துத் தந்தியனுப்பப் படையொழுங்கே ஏற்றதெனக் கருதப்பட்டது. நவம்பர் முதலாந் திகதி அவதானங்கள் தொடங்கின. ஒரு கிழமை கழிந்து, அம்மாதம் 8ஆந் திகதி, பேரேரிகளுக்கான முதலெச்சரிக்கையை லப்பாமே விடுத்தார்.

இவ்வாறு ஏரியிற் செல்வோர்க்குக் காவல் கிடைத்தது. நிலத்திற் செல்வோரின் நிலை வேறு. 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 160 ஏக்கர் நிலம் பெறலாம் என்னும் நம்பிக்கையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தக்கோற்றா, நெபிராஸ்கா முதலிய புல்வெளிகளிற் குடியேறின. நோர்வே, சுவீடன், ஜேர்மனி முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் அவருட் பலர். மரமற்ற சமவெளி, வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே நெடுந்தூரம், புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளால் எழுப்பிய பள்ளிக்கூடங்கள், அவற்றிற் பெரும்பாலும் தனியொரு இளம் ஆசிரியை. இந்நிலத்தில் 1888ஆம் ஆண்டு சனவரி 12ஆந் திகதி வீசிய பனிப்புயலை வரலாறு 'பள்ளிச் சிறாரின் பனிப்புயல்' எனப் பெயரிட்டு நினைவுகூர்கின்றது.

அதற்கு முன்னைய நாட்கள் கடுங்குளிராயிருந்தன. அன்று காலையோ இளவெப்பத்தோடு புலர்ந்தது. நெடுநாள் அடைபட்டிருந்த மக்கள் மகிழ்ந்து வெளியேறினர். உழவர் கால்நடைகளை மேய்க்கவும் தொலைவிலுள்ள வைக்கோலைக் கொணரவும் சென்றனர். சிறுவர் கனத்த மேலாடையின்றிப் பள்ளிக்கு நடந்தனர். புயல் வடமேற்கே மொன்ரானாவில் விடியுமுன்னரே இறங்கி, தக்கோற்றாவைக் காலையிலும் நண்பகலிலும் கடந்து, நெபிராஸ்காவின் கிழக்குப் பகுதியைப் பள்ளி கலையும் பிற்பகல் வேளையில் எட்டியது. மாவினைப் போல் நுண்ணிய பனித்துகள் கண்ணையும் மூக்கையும் அடைத்தது. வெப்பநிலை சில மணி நேரத்துள் மிகத் தாழ்ந்து, மறுநாட் காலையிற் பல இடங்களிற் பரனைற்றுப் பூச்சியத்துக்குங் கீழாயிற்று. இறந்தோர் தொகை 235 எனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. அவருட் பலர் பள்ளியிலிருந்து வீடு நோக்கி நடந்த சிறார்.

இப்புயல் எவரும் அறியாது வந்ததன்று. மினசோற்றா மாநிலத்துச் செயின்ற் போல் நகரில் 1887ஆம் ஆண்டு இறுதியிலேயே ஒரு முன்னறிவிப்பு அலுவலகம் திறக்கப்பட்டிருந்தது. அங்கு பணியாற்றிய படையலுவலர் தோமஸ் வூட்றவ், தக்கோற்றாவுக்கும் நெபிராஸ்காவுக்கும் குளிரலையும் காற்றாற் குவியும் பனியும் வரும் என அறிவித்திருந்தார். மொன்ரானாவிலிருந்து தந்திகள் வந்துகொண்டிருந்தன. ஆனால் எச்சரிக்கையின் சின்னமோ, நடுவிற் கருஞ்சதுரம் பொறித்த ஒரு வெள்ளைக் கொடி. அது தந்தியும் புகையிரதமும் எட்டிய ஊர்களில் மட்டுமே பறந்தது. அக்கொடியைக் காணமாட்டாத் தொலைவில், புல்வெளியின் நடுவே இருந்தவரே அதனாற் பயன்பெற வேண்டியவர். அன்றியும், அக்காலத்துக் குளிரலை எச்சரிக்கை பெரும்பாலும் வணிகரையும் சரக்கேற்றுவோரையும் மனத்திற்கொண்டு அமைந்தது. 'குளிர் மிகும்' என்பதை அது சொல்லியது. 'பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பற்க' என்பதைச் சொல்லவில்லை. அறிவு தந்திக்கம்பி முடிந்த இடத்தில் நின்றுவிட்டது. சாவு அங்கிருந்து தொடங்கியது.

அன்று ஒவ்வொரு பள்ளியிலும் முடிவெடுக்கும் பொறுப்பு ஆசிரியர் ஒருவரிடமே விடப்பட்டது. நெபிராஸ்காவின் மீரா பள்ளத்தாக்கில் மின்னி பிறீமன் என்னும் ஆசிரியை, காற்று பள்ளியின் கூரையைப் பெயர்த்தபோது, பிள்ளைகள் அனைவரையும் ஒன்றுசேர்த்து நடத்திச்சென்று அண்மையிலிருந்த பண்ணை வீட்டிற் சேர்த்துக் காத்தார். அவரைக் கயிற்றோடு சேர்த்துச் சொல்லும் கதை நாடெங்கும் பரவியது. கயிறு இருந்ததோ இல்லையோ, பிள்ளைகள் பிழைத்தது உண்மை. அதே மாநிலத்திற் பிளேயின்வியூ என்னும் ஊரின் அருகே லோயிஸ் றோய்ஸ் என்னும் ஆசிரியை, எரிபொருள் தீர்ந்தமையால், எஞ்சிய மூன்று பிள்ளைகளோடு தாம் தங்கியிருந்த அணித்தான வீட்டை நோக்கிப் புறப்பட்டார். வழி தப்பியது. இரவு முழுவதும் அவர்களைத் தம்மோடு அணைத்துக்கிடந்தும் மூவரையும் காக்க இயலவில்லை. அவரும் தம் பாதங்களை இழந்தார். முன்னவர் அறிவிலும் துணிவிலும் மிக்கவர், பின்னவர் குறைந்தவர் எனத் தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது. இருவர்க்கும் எச்சரிக்கை எட்டவில்லை. எட்டியிருப்பின் இருவரும் அன்று காலையிலேயே பள்ளியை மூடியிருப்பர்.

இரு திங்கள் கழியுமுன் கிழக்குக் கரையிலும் இடர் நேர்ந்தது. 1888ஆம் ஆண்டு மார்ச்சு 11 முதல் 14 வரை நியூயோர்க்கையும் அண்டை மாநிலங்களையும் தாக்கிய பனிப்புயலை அலுவலர் முன்னுணரவில்லை. திங்கட்கிழமை காலையில் வழமைபோல் வேலைக்குப் புறப்பட்டோர் தெருவிலும் புகையிரதங்களிலும் சிக்கினர். நானூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவருள் ஏறத்தாழ 200 பேர் நியூயோர்க்கு நகரத்தவர். கம்பங்களில் தொங்கிய தந்திக்கம்பிகள் அறுந்தமையால் நகரங்களுக்கிடையே செய்தியும் நின்றது. எச்சரிக்கையைச் சுமக்கும் கருவியே புயலில் முதற்பலியாதல் கூடும் என்பதை அந்நகரம் கற்றது. கம்பிகளை நிலத்தடியிற் பதித்தலும், 1904இல் திறக்கப்பட்ட சுரங்கப் புகையிரதமும் இப்பாடத்தோடு தொடர்புடையன. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தினால் வானிலைப்பணி படையிடமிருந்து நீக்கப்பட்டு, அடுத்த ஆண்டு முதல் வேளாண்மைத் திணைக்களத்தின் கீழ்க் குடியியற் பணியாக இயங்கலாயிற்று.

கண்டும் நில்லாதோர்

எச்சரிக்கை எட்டினால் மட்டும் போதுமோ? போதாது என்பதற்கு 1913ஆம் ஆண்டு நவம்பர் 7 முதல் 10 வரை பேரேரிகளில் வீசிய புயல் சான்று. துறைமுகங்களிற் புயற்கொடிகள் ஏற்றப்பட்டிருந்தன. எனினும் மாரி முற்றி ஏரிகள் உறையுமுன் இன்னுமொரு முறை சரக்கேற்றி மீளவேண்டும் என்னும் வேட்கை மிக்கிருந்தது. கொடி பறந்த நாட்களிலும் பலமுறை ஊறின்றிச் சென்று மீண்ட பழக்கம் அச்சத்தைப் போக்கியிருந்தது. இடையிற் காற்றுச் சிறிது தணியவே, கப்பல்கள் பல புறப்பட்டன. 9ஆந் திகதி ஹியூரன் ஏரியிற் புயல் முழுவலியோடு இறங்கியது. பன்னிரண்டு கப்பல்கள் மூழ்கின. 250 பேருக்கு மேல் இறந்தனர். வானிலைப் படம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையே வரையப்பட்ட அக்காலத்தில், புறப்பட்ட பின்னர்ப் புயல் வலுத்ததை ஏரியின் நடுவிலிருந்த கப்பலுக்கு அறிவிக்கவும் வழியில்லை. கம்பியில்லாத் தந்திக் கருவி அக்கப்பல்களில் அரிது.

முதலாம் உலகப் போர்க்காலத்தில் நோர்வே நாட்டுப் பேர்கன் நகரில் வில்கெல்ம் பியர்க்னஸ் என்பாரும் அவர்தம் மாணாக்கரும் புயலின் உள்ளமைப்பை விளக்கினர். வடக்கின் குளிர்வளியும் தெற்கின் வெப்பவளியும் எதிரெதிர்ப் படைகளைப் போல் மோதும் எல்லையைப் போர்முனை என்னும் பொருள்பட முகப்பு என வழங்கினர். தாழமுக்கத்தின் முன்பக்கத்தில் வெப்பவளி வடக்கே ஏறுகின்றது. பின்பக்கத்திற் குளிர்வளி கதுமெனப் பாய்கின்றது. 1888 சனவரிக் காலையின் இளவெப்பம் எங்கிருந்து வந்தது என்பது இப்பொழுது விளங்கும். மக்கள் மகிழ்ந்து வரவேற்ற அவ்விளவெயில் புயலின் ஓர் உறுப்பே. மாரி நடுவில் வரும் இதமான காலை, கற்றவனுக்கு ஐயத்தையும் கல்லாதவனுக்கு மகிழ்ச்சியையும் தருவது.

இவ்விளக்கம் கிடைத்த பின்னரும் 1940ஆம் ஆண்டு நவம்பர் 11ஆந் திகதி அதே துயரம் மீண்டும் நிகழ்ந்தது. போர்நிறுத்த நினைவு விடுமுறையாகிய அன்று மினசோற்றாவிற் காலைப்பொழுது இதமாயிருந்தது. மிசிசிப்பி ஆற்றுத் தீவுகளில் வாத்து வேட்டையாட மெல்லாடையோடு சென்றோர், பிற்பகலிற் பனிப்புயலில் அகப்பட்டனர். பேரேரிகளில் மூழ்கிய கப்பல்களின் மாலுமிகளையும் உட்பட ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். குளிர் மிகும், சிறிது பனி தூவும் என்ற அளவிலேயே முன்னறிவிப்பு அமைந்திருந்தது. அப்பகுதிக்கான முன்னறிவிப்பு சிக்காகோவிலிருந்தே வந்தது. அவ்வலுவலகத்தில் இரவில் ஆளில்லை. புயலோ இரவிலும் உறங்காது. அதன் பின்னரே இரவும் பகலும் காவலிருக்கும் முறையும், அவ்வப் பகுதிக்குரிய முன்னறிவிப்பை அங்கேயே ஆக்கும் முறையும் ஏற்பட்டன.

கணிப்பின் வெற்றியும் எஞ்சிய குறையும்

1950இல் எனியாக் என்னும் மின்கணிப்பொறி கொண்டு முதலாவது எண்முறை முன்னறிவிப்புக் கணிக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி ஏவப்பட்ட தைறோஸ் என்னும் செயற்கைத் துணைக்கோள் வானிலிருந்து முகிற்படங்களை அனுப்பியது. பிற்ஸ்றோய் காணவியலாதிருந்த பெருங்கடலின் மேற்பரப்பு மனிதனின் கண்ணுக்குத் திறந்தது. 1993ஆம் ஆண்டு மார்ச்சு நடுப்பகுதியில் அமெரிக்காவின் கிழக்குப் பாதியைத் தாக்கிய பெரும்புயல் ஏறத்தாழ ஐந்து நாட்களுக்கு முன்னரே கணிக்கப்பட்டது. பனி விழுமுன்னரே மாநில ஆளுநர் சிலர் அவசரகால நிலையை அறிவித்தனர். முன்னறிவித்தற் கலை முதிர்ச்சி எய்தியதற்கு இஃது எடுத்துக்காட்டு.

ஆயினும் பழைய குறை புதிய வடிவில் எஞ்சியது. 1978ஆம் ஆண்டு பெப்ருவரி 6ஆந் திகதி மாசச்சூசெற்சு மாநிலத்துக்குப் பெரும்பனி வருமென அறிவிக்கப்பட்டிருந்தது. காலையில் எதிர்பார்த்த வேளையிற் பனி விழாமையால், முன்னறிவிப்புப் பொய்த்தது எனக் கருதி மக்கள் வேலைக்குச் சென்றனர். பிற்பகலில் வீடு திரும்புகையிற் போஸ்ரனைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலையில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட மோட்டார் வண்டிகள் பனியிற் புதைந்தன. சில மணி நேரத் தாமதம் எச்சரிக்கையின் மதிப்பையே அழித்தது. பிற்ஸ்றோயை வாட்டிய நம்பிக்கையின்மை ஒரு நூற்றாண்டின் பின்னும் மறைந்திலது.

2022ஆம் ஆண்டு கிறித்து பிறப்பு விழாவையொட்டிப் பவலோ நகரைத் தாக்கிய பனிப்புயல் இவ்வரலாற்றின் அண்மைக்கால அதிகாரம். வானிலை அலுவலகம் நாட்கள் சில முன்னரே அதன் கொடுமையைத் தெளிவாக உரைத்தது. ஆனால் பயணத்தடை திசம்பர் 23ஆந் திகதி காலை 9.30 மணிக்கே நடைமுறைக்கு வந்தது. அதற்குள் பலர் வேலைக்குச் சென்றுவிட்டனர். ஒருநாள் ஊதியத்தை இழக்கவியலாத எளியோர்க்குத் தடை பிறக்காதவரை வீட்டில் இருத்தல் எளிதன்று. அப்பகுதியில் நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சிலர் வண்டிகளினுள்ளும் சிலர் தெருவோரங்களிலும் கிடந்தனர். முன்னறிவிப்பிற் பிழையில்லை. அறிந்ததைக் கட்டளையாக்குவதிலேயே காலம் தாழ்ந்தது.

இவ்வரலாற்றை ஒருசேர நோக்குமிடத்து, எச்சரிக்கைக்கு மூன்று படிகள் உளவெனல் விளங்கும். புயலை அறிதல் முதற்படி. அதனை வழிச்செல்வோன் புறப்படுமுன் அவனுக்கு எட்டச் செய்தல் இரண்டாம் படி. அவன் நம்பி நிற்கவும், நிற்பதால் அழியாதிருக்கவும் வகைசெய்தல் மூன்றாம் படி. 1854இற் குறைந்தது முதற்படி. 1888 சனவரியில் இரண்டாவது. 1913இலும் 1978இலும் 2022இலும் மூன்றாவது. முதற்படி அறிஞரால் ஆவது. ஏனைய இரண்டும் ஆட்சியாளராலும், முதலாளிகளாலும், பள்ளித் தலைவராலும், வீட்டுப் பெரியவராலும் ஆவன. அண்மைக் காலத்து அமெரிக்க எச்சரிக்கைகள் பனியின் அளவை அங்குலக் கணக்கிற் கூறுவதோடு அமையாது, பயணம் அரிது அல்லது இயலாது என வெளிப்படையாகவே உரைக்கின்றன. அங்கே புயல் வருமெனக் கண்டால் முந்திய மாலையிலேயே பள்ளிகள் மூடப்படுகின்றன. 1888ஆம் ஆண்டில் மண்கட்டிப் பள்ளிக்கூடத்தின் கதவருகே நின்று, பிள்ளைகளை அனுப்புவதா வைத்திருப்பதா எனத் தனித்து ஏங்கிய ஆசிரியைக்கு இல்லாத துணை இது. அத்துணையைத் தேடித்தரும் கடமை, வானிலை அலுவலர் தம் கணிப்பை முடித்த வேளையிலேயே ஏனையோர்க்குத் தொடங்குகின்றது.